கோட்டை நகரும் வைத்தியசாலை நகரும்: வேலூர்ப் பிரதேசப் பொருளாதாரம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இலங்கை வரலாற்றைக் கற்போருக்கு வேலூர் என்னும் பெயர் புதியதன்று. கண்டி இராச்சியத்தின் இறுதி மன்னனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815இல் முடியிழந்து, 1816இல் கடல் கடத்தப்பட்டு, 1832இல் இறக்கும்வரை சிறையிருந்த இடம் வேலூர்க் கோட்டையே. அக்கோட்டைக்குள் இருக்கும் மாளிகையொன்று இன்றும் கண்டி மகால் என்றே வழங்கப்படுகின்றது. ஆயின், வங்காளத்திலோ சார்க்கண்டிலோ பங்களாதேசத்திலோ உள்ள ஒரு கிராமத்தவரிடம் வேலூரைப் பற்றி வினவினால் கோட்டையும் மன்னனும் அவர் நினைவிற்கு வரமாட்டா. நோய் தீரும் ஊர் என்பதே அவர் அறிந்த வேலூராகும்.

ஒரே நகரம் ஒரு காலத்திற் படைத்தளத்தினாலும், பிறிதொரு காலத்தில் வைத்தியசாலையினாலும் வாழ்ந்திருக்கின்றது. துறைமுகமோ, கனிவளமோ, வற்றாத ஆறோ இல்லாத ஒரு பிரதேசத்தில், வெளியிலிருந்து மனிதரையும் பணத்தையும் ஈர்க்கும் ஒரு நிறுவனம் பொருளாதாரத்தின் ஊற்றாக அமைய முடியும் என்பதற்கு வேலூர் சிறந்த உதாரணமாகும். எனினும் அவ்வாறான ஊற்றுக்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. அந்நிறுவனத்திற்கு வந்த பணம் எவரிடமிருந்து வந்தது, எவர் கைக்குச் சென்றது, நிறுவனம் தளர்ந்தபோது மக்களிடம் எது எஞ்சியது என்னும் மூன்று வினாக்களும் எழுப்பப்படல் வேண்டும். அவ்வினாக்களின் அடிப்படையில் வேலூரின் இரு காலகட்டங்களையும் ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாலாற்றுப் பள்ளத்தாக்கும் கோட்டையும்

வேலூரின் முக்கியத்துவத்திற்கு அதன் அமைவிடமே முதற் காரணமாகும். மைசூர்ப் பீடபூமியிலிருந்து சோழமண்டலக் கரையை நோக்கி இறங்கும் பாதைகளுள் பாலாற்றுப் பள்ளத்தாக்கு வழியாகச் செல்வது மிகப் பழைமையானது. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆர்க்காடு, காஞ்சிபுரம் என அப்பாதையில் ஊர்கள் நிரையாக அமைந்துள்ளன. மேட்டு நிலத்திலிருந்து கரைநாட்டிற்குப் படை நடத்திய எவரும் இப்பள்ளத்தாக்கைப் புறக்கணிக்க முடியவில்லை. இதனைக் காப்பவர் கரைநாட்டின் வாயிலைக் காப்பவராயினர்.

இயற்கை வளம் இப்பகுதிக்கு அத்துணை தாராளமாக வாய்க்கவில்லை. பாலாறு ஆண்டின் பெரும்பகுதியும் மணலாறாகவே கிடக்கும். மழைநீரைத் தேக்கிய ஏரிகளும், ஆற்று மணலைத் தோண்டிப் பெற்ற ஊற்றுக் கால்வாய்களும், கிணறுகளுமே வேளாண்மையின் ஆதாரங்கள். காவேரிப்பாக்கத்துப் பேரேரி போன்றவற்றை அண்டிய ஊர்களில் நெல் விளைந்தது. ஏனைய இடங்களில் புன்செய்த் தானியங்களே மிகுதி. மழை பொய்த்த ஆண்டுகளில் உபரி என்று சொல்லத்தக்கது அரிதாகவே இருந்திருக்கும். இத்தகைய நிலத்தில் ஒரு பெருங்கோட்டை எழுந்தது என்பது கவனிக்கத்தக்கது. கோட்டையைத் தாங்கியது அவ்வூரின் செல்வமன்று. சுற்றியிருந்த பரந்த நிலப்பரப்பிலிருந்து திரட்டப்பட்ட வரியே அதனைத் தாங்கியது.

விசயநகரப் பேரரசின் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில், நாயக்கத் தலைவர்கள் இக்கோட்டையை எழுப்பினர். கருங்கல் மதில்களும் அகன்ற அகழியும் உடைய இக்கோட்டையினுள்ளே சலகண்டேசுவரர் ஆலயம் அமைந்தது. பேரரசு தளர்ந்த பின்னர் 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பீசப்பூர் சுல்தானியமும், அதன் பின் மராட்டியரும், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முகலாயரும் கோட்டையைக் கைப்பற்றினர். ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சியை அடுத்து 1760களில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் படை அங்கு நிலைகொண்டது. ஆள்வோர் மாறியபோதிலும் கோட்டையின் பொருளாதார இயல்பு மாறவில்லை. நிலத்தின் உபரி வரியாகிக் கோட்டைக்குட் புகுந்தது. படைவீரரின் ஊதியமாகவும் படைக்கான கொள்முதலாகவும் வெளியே வந்தது.

பேட்டையின் வாழ்வு

கோட்டையை அடுத்து அமைந்த வணிகக் குடியிருப்பு பேட்டை எனப்பட்டது. தமிழகத்திற் பேட்டை என முடியும் ஊர்ப் பெயர்கள் பல இவ்வாறான சந்தைக் குடியிருப்புக்களை நினைவூட்டுவன. படை நிலைகொண்டுள்ள இடத்தில் அரிசியும், குதிரைக்குக் கொள்ளும் புல்லும், தோற்பொருள்களும், துணியும், விறகும் நாள்தோறும் தேவைப்பட்டன. தானியம் கொணர்ந்த பொதிமாட்டு வணிகர், நாணயம் மாற்றிய சராப்புக்கள், தையற்காரர், சலவைத் தொழிலாளர், கொல்லர், தச்சர் எனப் பலவகைத் தொழிலாளரும் இத்தகைய பேட்டைகளிற் பிழைத்தனர். கம்பனிச் சிப்பாய்களின் குடும்பங்களும் கோட்டைக்கு வெளியே குடிசைகளில் வாழ்ந்தன.

இப்பொருளாதாரத்தின் பலவீனம் முற்றுகைக் காலங்களில் வெளிப்பட்டது. இரண்டாம் மைசூர்ப் போரின்போது 1780 தொடக்கம் ஐதர் அலியின் படைகள் வேலூரை நெடுங்காலம் சூழ்ந்திருந்தன. கோட்டையின் மதில் தகர்க்கப்படவில்லை. ஆனால் உள்ளிருந்தோருக்குத் தானியம் கொண்டு சேர்ப்பதே சென்னையிலிருந்த ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் பெருங்கவலையாயிற்று. 1781இலும் 1782இன் தொடக்கத்திலும் உணவுப் பொருள்களைக் கோட்டைக்குட் சேர்ப்பதற்காகவே அவர் படை நடத்த நேர்ந்தது. சுற்றுவட்டாரத்து விளைநிலங்கள் அழிந்தபோது கோட்டையும் பட்டினியை எதிர்நோக்கியது. கோட்டை நகரம் தானாக எதனையும் விளைவிப்பதில்லை என்னும் உண்மை இதனாற் புலனாகின்றது.

1799இல் திப்பு சுல்தான் சீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்த பின்னர் அவருடைய மைந்தரும் குடும்பத்தினரும் வேலூருக்குக் கொணரப்பட்டனர். கம்பனியின் உதவிப்பணத்தில் அவர்கள் கோட்டைக்குள் வாழ்ந்தனர். அவர்களைத் தொடர்ந்து மைசூரைச் சேர்ந்த பெருந்தொகையினர் பேட்டையிற் குடியேறினர். 1801இல் கருநாடகத்தின் ஆட்சியைக் கம்பனி முற்றாகத் தன்வசமாக்கியபோது, நவாபின் பெயரால் நிகழ்ந்த வரி சேகரிப்பும் நேரடியாக அதன் கைக்கு வந்தது. இவ்வகையில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேலூர், கம்பனியின் ஊதியத்திலும் சிறையிருந்த அரச குடும்பத்தின் செலவிலும் வாழ்ந்த ஒரு நகராக விளங்கியது எனலாம்.

1806: ஊதியம் வாங்கியோரின் எழுச்சி

1806 யூலை 10ஆந் திகதி விடியற் பொழுதில் வேலூர்ச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். அப்போது கோட்டையில் ஏறத்தாழ 1,500 சிப்பாய்களும், 69ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த ஆங்கிலேயர் ஏறத்தாழ 370 பேரும் இருந்தனர். புதிய தலைப்பாகையும், நெற்றிக் குறிகளையும் தாடியையும் காதணியையும் விலக்கிய ஆணைகளும் உடனடிக் காரணங்களாயின. கோட்டை சில மணி நேரம் சிப்பாய்களின் வசமிருந்தது. திப்புவின் கொடி மதிலில் ஏற்றப்பட்டது. ஆயின் ஆர்க்காட்டுக் குதிரைப்படைப் பாசறையிலிருந்து கில்லெஸ்பியின் தலைமையில் விரைந்து வந்த படை அன்று முற்பகலிலேயே எழுச்சியை நசுக்கியது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். சம்பந்தப்பட்ட படைப்பிரிவுகள் கலைக்கப்பட்டன. திப்புவின் குடும்பத்தினர் கல்கத்தாவுக்கு மாற்றப்பட்டனர்.

இவ்வெழுச்சியைச் சமய உணர்வின் வெளிப்பாடாகவும், 1857இன் முன்னோடியாகவும் பலர் விளக்கியுள்ளனர். அவ்விளக்கங்களுக்கு இடமுண்டு. எனினும் பிரதேசப் பொருளாதாரம் பற்றிய நோக்கில் வேறொரு கூறு முதன்மை பெறுகின்றது. சிப்பாய் என்பவன் வரி செலுத்திய அதே உழவர் சமூகத்திலிருந்து வந்தவன். தன் உறவினரிடமிருந்து திரட்டப்பட்ட வரியின் ஒரு துளியையே அவன் ஊதியமாகப் பெற்றான். ஐரோப்பியப் போர்வீரனுக்கும் அவனுக்கும் இடையே ஊதியத்திலும் பதவியிலும் இருந்த வேறுபாடு வெளிப்படையானது. அவன் எவ்வளவு காலம் சேவித்தாலும் ஆணையிடும் நிலைக்கு உயர முடியாது. அவன் கற்ற கலை துப்பாக்கி ஏந்துவது ஒன்றே. படைப்பிரிவு கலைக்கப்பட்ட மறுநாள் அக்கலைக்கு ஊரில் விலையில்லை.

ஒரே நாளிற் பல குடும்பங்கள் ஊதியம் இழந்தன. ஓர் அரச குடும்பமும் அதன் பரிவாரமும் நீங்கின. பேட்டையின் வாழ்வு எத்துணை நிலையற்ற அடித்தளத்தில் நின்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. பத்தாண்டுகளின் பின்னர் கண்டி மன்னன் கொணரப்பட்டமை, வேலூர் எதற்கு உரிய இடமெனக் கம்பனி கருதியது என்பதைக் காட்டுகின்றது. முடியிழந்தோரைக் காவலில் வைக்கும் கோட்டையாகவே அது எஞ்சியது.

படை நீங்கிய நகரம்

இந்திய உபகண்டம் முழுவதும் பிரித்தானியர் வசமான பின்னர் உள்நாட்டுக் கோட்டைகள் படிப்படியாக முக்கியத்துவம் இழந்தன. மைசூரும் மராட்டியரும் அடங்கிய பின் பாலாற்றுப் பாதையில் எதிரி எவரும் வரவில்லை. மேலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வடமேற்கு இந்தியரே போருக்கு உகந்த இனத்தவர் என்னும் கருத்துப் பிரித்தானியரிடையே வலுப்பெற்றமையால், சென்னைப் படையின் ஆட்சேர்ப்புச் சுருங்கியது. வேலூரின் பாசறை வாழ்வு மங்கியது. சலகண்டேசுவரர் ஆலயம் ஆயுதக் கிடங்காகப் பயன்பட்ட காலமும் இருந்தது. 1981 வரை அங்கு மூலவர் இன்றியே இருந்தது. கோட்டையினுள்ளே பின்னர் காவற்றுறைப் பயிற்சியும் அரச அலுவலகங்களும் இடம்பெற்றன. 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் வேலூரின் மக்கள்தொகை ஏறத்தாழ 43,500 ஆகவே இருந்தது. 1911இல் வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகராக வேலூர் ஆக்கப்பட்டமை அதற்குச் சிறிது ஊக்கமளித்தது.

படைத்தளம் எதனையும் விட்டுச் செல்லவில்லை என்று முடிவு கட்டுதல் தவறாகும். படைத்தொழில் மரபு வேலூர்ப் பிரதேசத்துக் கிராமங்கள் சிலவற்றில் நிலைத்தது. வேலூரை அடுத்துள்ள கம்மவான்பேட்டை அவற்றுள் புகழ்பெற்றது. முதலாம் உலகப் போர்க் காலந்தொட்டு அவ்வூரின் வீடுகள் படைக்கு ஆட்களை அனுப்பி வந்துள்ளன. இராணுவப்பேட்டை என்றே அது சுட்டப்படுவதுண்டு. மழையை நம்பிய நிலத்தில் மாதந்தோறும் தவறாது வரும் ஊதியமும், முதுமையில் வரும் ஓய்வூதியமும் ஒரு குடும்பத்திற்கு எத்துணைப் பாதுகாப்பு என்பதை விளக்க வேண்டியதில்லை. அரக்கோணத்தில் 1992இல் இந்தியக் கடற்படையின் ராஜாளி விமானத்தளம் நிறுவப்பட்டதுடன் படைத்தளப் பொருளாதாரம் இப்பகுதிக்கு வேறோர் உருவில் மீண்டது. ஆயினும் இவை யாவும் அரசு தரும் ஊதியத்தைச் சார்ந்தவை. எந்த ஊரில் தளம் அமைய வேண்டும், எப்போது மூடப்பட வேண்டும் என்பதை அவ்வூர் மக்கள் தீர்மானிப்பதில்லை.

பண்டத்தரிப்பிலிருந்து வேலூருக்கு

வேலூரின் இரண்டாவது காலகட்டத்தின் தொடக்கத்தைத் தேடிச் செல்வோர் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்வர். அமெரிக்க மிசனைச் சேர்ந்த டாக்டர் ஜோன் ஸ்கடர் 1820இல் பண்டத்தரிப்பில் தம் வைத்தியப் பணியைத் தொடங்கினார். அமெரிக்காவிலிருந்து வெளிநாடு சென்ற முதல் வைத்திய மிசனரி அவரே என்பர். 1836இல் அவர் சென்னைக்குப் பெயர்ந்தார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த டாக்டர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழில் வைத்தியக் கல்வி புகட்டி, அறுபதுக்கு மேற்பட்ட மாணவரைப் பயிற்றியமை ஈழத்து வாசகர் நன்கறிந்த வரலாறாகும். ஸ்கடரின் மைந்தர்கள் 1853இல் ஆர்க்காட்டு மிசனை நிறுவினர். அவர்களுள் ஒருவரான சைலஸ் ஸ்கடர் 1866இல் இராணிப்பேட்டையில் வைத்தியசாலையொன்றை ஆரம்பித்தார். இலங்கையிற் பிறந்த மற்றொரு மைந்தரான இரண்டாம் ஜோன் ஸ்கடரின் மகளே ஐடா ஸ்கடர். அவர் 1870இல் இராணிப்பேட்டையிற் பிறந்தார்.

மிசனரிகளின் நோக்கம் சமயப் பரப்பல் என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் அந்நோக்கம் நிறைவேறிய அளவைவிட, அவர்கள் அமைத்த நிறுவனங்கள் சமூகத்தில் ஏற்படுத்திய மாற்றம் பெரிது. ஐடா ஸ்கடர் வைத்தியம் கற்கத் துணிந்ததற்குக் காரணமாகக் கூறப்படும் நிகழ்ச்சி யாவரும் அறிந்தது. திண்டிவனத்தில் ஓரிரவில் மூன்று கணவன்மார் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையிலிருந்த தம் மனைவியரைப் பார்க்க அவரை அழைத்தனர். தாம் வைத்தியரல்லர், தந்தையே வைத்தியர் என்றார் அவர். ஆடவர் தம் பெண்டிரைத் தீண்ட இடமளியோம் என மூவரும் திரும்பினர். மூன்று பெண்களும் இறந்தனர். மக்களுக்குத் தேவை இருந்தது. அத்தேவையை அவர்கள் ஏற்கும் வகையில் நிறைவேற்ற ஆட்களில்லை. பெண்களையே வைத்தியராகவும் தாதியராகவும் பயிற்றினாலன்றி இவ்விடைவெளி நிரம்பாது என்பதே இந்நிகழ்ச்சி உணர்த்திய பாடமாகும்.

வைத்தியசாலையின் வளர்ச்சி

1900இல் வேலூருக்கு வந்த ஐடா ஸ்கடர் தந்தையின் இல்லத்தில் ஒற்றைக் கட்டிலுடன் வைத்தியம் தொடங்கினார். நியூயோர்க்கைச் சேர்ந்த ஷெல் என்னும் செல்வந்தர் தம் மனைவியின் நினைவாக வழங்கிய பத்தாயிரம் டொலரைக் கொண்டு 1902இல் நாற்பது கட்டில்களுடைய மேரி டேபர் ஷெல் வைத்தியசாலை கட்டப்பட்டது. 1909இல் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. 1923இல் தோட்டப்பாளையத்தில் பெரிய வைத்தியசாலை எழுந்தது. 1942இல் அது சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த மருத்துவக் கல்லூரியாக உயர்ந்தது. 1947 தொடக்கம் ஆண் மாணவரும் அனுமதிக்கப்பட்டனர். இந்தியாவின் முதலாவது திறந்த இருதயச் சத்திரசிகிச்சை 1961இலும், முதலாவது வெற்றிகரமான சிறுநீரக மாற்றுச் சிகிச்சை 1971இலும் இங்கு நிகழ்ந்தன. கிறித்தவ மருத்துவக் கல்லூரி எனப்படும் இந்நிறுவனம் சி.எம்.சி. என்ற எழுத்துக்களாலேயே எங்கும் அறியப்படுகின்றது.

இவ்வளர்ச்சியில் ஒரு துறை தனித்துக் குறிப்பிடத்தக்கது. வட ஆர்க்காட்டில் தொழுநோய் பரவலாக இருந்தது. விரல்கள் மடங்கிப்போன நோயாளி நோய் தணிந்த பின்னரும் பிச்சையெடுத்தே வாழ நேர்ந்தது. டாக்டர் போல் பிராண்ட் 1948 தொடக்கம் இத்தகையோரின் கைகளைச் சத்திரசிகிச்சையாற் சீர்ப்படுத்தும் முறையை வேலூரில் உருவாக்கினார். கை நிமிர்ந்தவன் ஊருக்குத் திரும்பியபோது அவனுக்கு வேலை தருவார் இல்லை என்பது விரைவிலேயே தெரியவந்தது. ஆகவே தச்சுத் தொழில் முதலியவற்றைப் பயிற்றும் இல்லமொன்று அமைக்கப்பட்டது. உணர்விழந்த பாதங்களைக் காக்கும் காலணிகளைச் செய்யும் தொழிலும் வளர்ந்தது. 1955இல் கரிகிரியில் தொழுநோய் ஆய்வு நிலையம் தோன்றியது. உடலின் உழைப்பாற்றலை மீட்பதும் பொருளாதாரப் பணியே என்பதை இது தெளிவாகக் காட்டுகின்றது. 1977இல் கே.வி. குப்பத்தில் தொடங்கிய கிராமிய சுகாதார சமூக நலத் திட்டம், நோய் தடுப்புடன் தொழிற்பயிற்சியையும் இணைத்துக்கொண்டமை இதன் தொடர்ச்சியாகும்.

நோயாளர் வழி வந்த பொருளாதாரம்

வைத்தியசாலையின் ஊதியப் பட்டியலில் வைத்தியர், தாதியர், ஆய்வுகூடத்தார், எழுதுவினைஞர், துப்புரவுத் தொழிலாளர் எனப் பல்லாயிரவர் உள்ளனர். எனினும் நகரின் பொருளாதாரத்தை இயக்குவது அவ்வூதியம் மட்டுமன்று. ஒரு நோயாளியுடன் இருவர் அல்லது மூவர் வருகின்றனர். பரிசோதனைகளுக்கும் சிகிச்சைக்குமாக வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் அவர்கள் தங்குகின்றனர். அவர்களுக்கு அறை வேண்டும். தம் ஊர் முறைப்படி சமைக்க அடுப்பும் பாத்திரமும் வேண்டும். மருந்தும், வாகனமும், மொழிபெயர்ப்பாளரும் வேண்டும். வைத்தியசாலையைச் சூழ்ந்த தெருக்களில் வங்காள எழுத்திற் பெயர்ப்பலகைகள் தொங்குகின்றன. கடுகெண்ணெயில் மீன் சமைக்கும் உணவுச்சாலைகள் காணப்படுகின்றன. தமிழன்றி வேறு மொழி கற்காத கடைக்காரரும் வங்காளத்தில் விலை பேசுகின்றனர்.

இவர்கள் வந்திறங்கும் காட்பாடிப் புகையிரதச் சந்திப்பும் கவனத்துக்குரியது. தென்னிந்தியாவின் முதல் இருப்புப் பாதை 1856இல் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாசா ரோடு வரை அமைக்கப்பட்டது. பின்னர் அது இதே பள்ளத்தாக்கு வழியாக மேற்கே நீண்டது. படைகளை அழைத்த அதே நிலப்பாதை நோயாளரை அழைத்து வருகின்றது. இடத்தின் பயன் மாறியதேயன்றி அதன் மதிப்புக் குறையவில்லை. 1984இல் தோன்றிய பொறியியற் கல்லூரி பின்னர் பல்கலைக்கழகமாக வளர்ந்தமையும், 2005இல் அரச மருத்துவக் கல்லூரி அமைந்தமையும் வெளியூராரின் வருகையால் வாழும் நகரென்னும் நிலையை மேலும் உறுதிப்படுத்தின.

இவ்வளர்ச்சிக்கு மறுபுறமும் உண்டு. வேலூரின் விடுதியுரிமையாளர் பெறும் வாடகை, தொலைவிலுள்ள ஒரு கிராமத்திற் காணி விற்று அல்லது நகை ஈடு வைத்துக் கொணரப்பட்ட பணமாக இருக்கலாம். தம் மாநிலத்தில் நம்பத்தக்க வைத்தியசாலை இருந்திருப்பின் அக்குடும்பம் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பயணஞ் செய்திராது. ஒரு பிரதேசத்தின் சுகாதாரப் பற்றாக்குறை மற்றொரு பிரதேசத்தின் வருவாயாகின்றது. வறியோருக்குக் கட்டணக் குறைப்பும் இலவச சிகிச்சையும் வழங்கும் மரபு அந்நிறுவனத்தில் நெடுங்காலமாக இருந்து வருகின்றது. எனினும் வைத்தியசாலை வாயிலுக்கு வெளியே உள்ள சந்தைக்கு அத்தகைய மரபு எதுவுமில்லை.

2020இல் கொவிட் பெருந்தொற்றினால் மார்ச்சு மாத இறுதியிற் புகையிரதங்கள் நிறுத்தப்பட்டபோது வெளிமாநில நோயாளரும் உறவினரும் வேலூர் விடுதிகளில் அகப்பட்டுக்கொண்டனர். மே மாதத்தில் காட்பாடியிலிருந்து சிறப்புப் புகையிரதங்களில் அவர்கள் ஊர் திரும்பினர். வெளியாரின் வருகையை மட்டும் நம்பிய தெருக்கள் வருகை நின்றவுடன் பிழைப்பிழந்தன. 1806இல் பேட்டை அனுபவித்த அதே பலவீனம் வேறுருவிற் தோன்றியது எனலாம்.

ஒப்புநோக்கு

இனி, தொடக்கத்தில் எழுப்பிய மூன்று வினாக்களுக்குத் திரும்பலாம். முதலாவது, பணத்தின் மூலம். கோட்டைக்கு வந்த பணம் உழவரிடமிருந்து கட்டாயமாகப் பெறப்பட்ட வரி. வைத்தியசாலைக்கு வந்தது தொடக்கத்தில் வெளிநாட்டு நன்கொடை. பின்னர் நோயாளர் செலுத்திய கட்டணம். கட்டணம் வரியைப்போற் கட்டாயமானதன்று என்பது சட்டப்படி சரி. ஆயின் நோயின் முன்னால் மனிதனுக்கு உள்ள தெரிவு எத்தகையது என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

இரண்டாவது, பணம் சென்ற கை. படைத்தளத்தில் உயர் ஊதியம் ஐரோப்பிய அதிகாரிகளுக்குச் சென்றது. அதன் கணிசமான பகுதி நாட்டை விட்டே நீங்கியது. வைத்தியசாலையின் ஊதியத்திற் பெரும்பகுதி உள்ளூரிலேயே செலவாகின்றது. சிறப்பாக, சொந்த வருவாயென ஒன்றிராத பெண்கள் தாதியராகவும் வைத்தியராகவும் ஊதியம் பெற்றமை இப்பிரதேசத்தின் குடும்ப வாழ்விலேயே ஒரு மாற்றமாகும். 1909இல் தாதியர் பயிற்சி ஆரம்பித்த காலத்தில் பிறர் உடலைத் தொட்டுப் பணி செய்தல் இழிதொழிலாகக் கருதப்பட்டது. பிற்காலத்தில் அப்பயிற்சி பெறப் போட்டி நிகழ்ந்தது. அவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட மாற்றத்தைக் கட்டில்களின் எண்ணிக்கையால் அளவிட முடியாது.

மூன்றாவது வினாவே முதன்மையானது. படைப்பிரிவு கலைக்கப்பட்டபோது சிப்பாயிடம் எஞ்சிய திறனுக்குப் பேட்டையில் இடமிருக்கவில்லை. வைத்தியசாலையிற் பயின்ற ஒரு தாதி எந்நாட்டுக்குச் சென்றாலும் தன் தொழிலைத் தன்னுடன் கொண்டு செல்கின்றாள். இதனால் ஊர் தன் பிள்ளைகளை இழக்கின்றது என்னும் குறை உண்டு. அவர்கள் அனுப்பும் பணம் அக்குறையை முற்றாக ஈடு செய்யாது. ஆயினும், நிறுவனம் நாளையே மூடப்பட்டாலும் அழிந்துபோகாத ஒன்று மக்களிடம் தங்கியிருக்கின்றது. அறிவு மக்களிடம் தங்கியதா என்பதே ஒரு நிறுவனம் பிரதேசத்தை வளர்த்ததா, அன்றி அதன்மேல் வாழ்ந்ததா என்பதை அறியும் அளவுகோலாகும்.

பாலாற்றுப் பள்ளத்தாக்கின் மற்றொரு பெருந்தொழிலான தோல் பதனிடுதலும் இவ்வளவுகோலுக்கு உட்பட வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் ஆலைகள் பெருந்தொகையான தொழிலாளருக்கு வேலை வழங்கின. அதே வேளை அவற்றின் கழிவு ஆற்று நீரையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது. இது குறித்து வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில் 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு சுற்றுச்சூழற் சட்ட வரலாற்றில் முக்கியமானது. புகழ்பெற்ற வைத்தியசாலையைக் கொண்ட அதே பிரதேசத்தில் குடிநீரே நோயின் ஊற்றாகியது. சிகிச்சையைத் தரும் நிறுவனம் வளர்வதால் மட்டும் ஒரு பிரதேசம் சுகமடைந்துவிடாது.

முடிவுரை

2022இல் சி.எம்.சி. இராணிப்பேட்டையிற் புதியதொரு பெரு வளாகத்தைத் திறந்தது. இராணிப்பேட்டை ஒரு காலத்திற் குதிரைப்படைப் பாசறையாக விளங்கிய ஊர். 1806இல் வேலூர்ச் சிப்பாய்களை அடக்கிய குதிரைப்படை இவ்வார்க்காட்டுப் பகுதியிலிருந்தே புறப்பட்டது. 1866இல் சைலஸ் ஸ்கடரின் வைத்தியசாலை அமைந்ததும் 1870இல் ஐடா ஸ்கடர் பிறந்ததும் அங்கேயே. பாலாற்றங்கரையின் வரலாற்றில் பாசறையும் வைத்தியசாலையும் எத்துணை நெருக்கமாக அமைந்துள்ளன என்பதற்கு அவ்வூர் ஒன்றே போதிய சான்றாகும்.

ஒரு நாட்டின் அரசு பின்தங்கிய பிரதேசமொன்றை முன்னேற்ற விழையும்போது, பெரும் நிறுவனமொன்றை அங்கு நிறுவிவிட்டால் எல்லாம் தாமே வரும் என எண்ணுதல் வழக்கம். படைத்தளமாயினும் வைத்தியசாலையாயினும் வணிகம் பெருகும், வீட்டு வாடகை உயரும், தெருக்கள் விளக்கொளி பெறும் என்பது உண்மையே. ஆயின் அவ்வொளி வெளியிலிருந்து வருவது. அது அணைந்த நாளில் அவ்வூர் மாந்தரிடம் என்ன கல்வி இருக்கும், என்ன தொழில் இருக்கும், குடிக்க என்ன நீர் இருக்கும் என்பன தொடக்கத்திலேயே கேட்கப்பட வேண்டிய வினாக்கள். கண்டி மன்னன் சிறையிருந்த மாளிகையை இன்று பார்வையிடுவோர் சிலரே. பண்டத்தரிப்பில் வைத்தியந் தொடங்கிய ஒருவரின் பேத்தி அமைத்த கட்டிடங்களின் முன்னால் ஒவ்வொரு காலையும் வரிசை நீள்கின்றது. அவ்வரிசையில் நிற்போரின் துன்பத்தைக் குறைப்பதற்கும் அதனைக் கொண்டு வாழ்வதற்கும் இடையேயுள்ள எல்லையை வேலூர் எவ்வாறு காக்கப்போகின்றது என்பதிலேயே அதன் எதிர்காலம் தங்கியுள்ளது.